வெயிலில் கம்ப்யூட்டர் கொதிக்குதா? செலவில்லாமல் சூட்டைக் குறைக்கும் 'அண்டர்வோல்ட்'.. செய்வது எப்படி?

கத்திரி வெயில் நேரத்தில் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஏசி இல்லாத டிடிபி கடையில் கம்ப்யூட்டர் திணறுவது ஏன்? அறை வெப்பம் 10 டிகிரி கூடினால் பிராசஸர் சூடும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். எல்லை தாண்டினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அண்டர்வோல்ட் என்றால், வேகத்தைத் தொடாமல் பிராசஸருக்குப் போகும் வோல்டேஜை மட்டும் குறைப்பது. பிராசஸர் இயங்கும்போது ஆகும் மின்செலவு, வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.25 வோல்ட்டை 1.15 ஆக்கினால் அது சுமார் 15 சதவீதம் குறையும், சூடும் இறங்கும்.

முதலில் ஃபேன் தூசியைத் தட்டுங்க. பிறகு பயாஸில் 0.025 வோல்ட் வீதம் குறைத்து, ஒவ்வொரு முறையும் சோதித்துப் பாருங்க. ஹேங் ஆனால் ஒரு படி ஏத்திடுங்க. ரொம்ப குறைச்சா, பாதி வேலையில் கம்ப்யூட்டர் நின்று கஸ்டமர் ஃபைலும் போயிடும்.. உஷார்! எல்லா மதர்போர்டிலும் இந்த வசதி இருக்காது.