மலையேறும் பழைய வண்டியும் மளிகைக் கடைக் கணக்கும்

மேட்டுப்பாளையத்தில் கடை வைத்திருப்பவருக்கு ஊருக்குள் பாதி வியாபாரம், மலைமேல் பாதி வியாபாரம். மலையிலிருந்து கிழங்கும் காய்கறியும் நம் மண்டிகளுக்கு இறங்குகின்றன. அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இங்கிருந்து மேலே ஏறுகின்றன. பெரிய லோடுக்கு லாரி இருக்கிறது. பத்து மூட்டையும் நாலு டின்னும் கொண்டுபோய்க் கொடுக்க நம்மில் பலரிடம் இருப்பது பழைய ஆம்னி வேன்தான். 1984இல் வந்த அந்த வண்டியின் உற்பத்தி 2019இல் நின்றுவிட்டது. அம்பாசிடரும் மாருதி 800ம் 2014லேயே நின்றுபோயின. ஆகவே இருப்பதைப் பழுது பார்த்து ஓட்டுவதுதான் நமக்கு வழி. அந்தப் பழுதைக் குறைந்த செலவில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை, நாம் பட்ட ஓர் அனுபவத்தை முன்வைத்துச் சொல்கிறோம்.

பர்லியாறு வளைவில் நின்ற வண்டி

ஒரு மே மாதக் காலையில் குன்னூரில் ஒரு கல்யாண ஆர்டருக்காக நம் கடை ஆம்னி புறப்பட்டது. ஊருக்குள் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய வண்டி, பர்லியாறு தாண்டியதும் கொதித்து ஆவி விட்டு நின்றது. சரக்கை வாடகை வண்டிக்கு மாற்றி அனுப்பினோம். முகூர்த்தத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததால் மானம் தப்பியது. வண்டியைப் பார்த்த ஒரு பட்டறையில், "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க, ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பணும், இருபத்தெட்டாயிரம் ஆகும்" என்றார்கள். அங்கே எந்தச் சோதனையும் செய்யவில்லை. ஆவி வந்தது, அவ்வளவுதான்.

வண்டியைக் கட்டி இழுத்து மேட்டுப்பாளையம் கொண்டுவந்து, அம்பாசிடர் காலத்திலிருந்து வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினோம். அவர் அன்று ஒன்றையும் தொடவில்லை. "இஞ்சின் நல்லா ஆறட்டுங்க, காலையில பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் காலை, குளிர்ந்த இஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்து பார்த்தார். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் தண்ணீரில் விடாமல் குமிழி வரும். வரவில்லை. ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் மூடியின் அடியில் மோர் போல வெளுத்துத் திரண்டிருக்கும். அதுவும் இல்லை. மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் அளந்தார். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

பிறகு ரேடியேட்டர் மூடியைத் திருப்பிக் காட்டினார். ரப்பர் வளையம் கருவாடாய்க் காய்ந்து வெடித்திருந்தது. மின்விசிறியை ஓட்டும் வெப்ப சுவிட்சின் இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்தார். விசிறி ஓடியது. அப்படியானால் விசிறி நன்றாக இருக்கிறது, சுவிட்சு செத்துவிட்டது. "இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகலீங்க முதலாளி" என்றார். மூடி, சுவிட்சு, கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்தது.

ஊருக்குள் ஓடி மலையில் நிற்பது ஏன்?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டர் அளவில். முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஏற வேண்டும். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் இஞ்சின் உழைக்கிறது. வண்டி மெதுவாகப் போவதால் எதிர்க்காற்று ரேடியேட்டரில் சரியாகப் படுவதில்லை. விசிறிதான் காப்பாற்ற வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். குன்னூரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 94 டிகிரியில் கொதித்துவிடும். இஞ்சின் வேலை செய்யும் வெப்பமே ஏறத்தாழ அதுதான். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால்தான் 110 டிகிரி தொட்டாலும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கிறது. ரப்பர் போன மூடி திறந்த பாத்திரத்துக்குச் சமம். 1899இலிருந்து குன்னூருக்கு ஏறும் நம் மலை ரயில்கூட ஹில்குரோவில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் போகிறது. நாமோ மூடியைக்கூடத் திருப்பிப் பார்ப்பதில்லை.

மலைமேல் காற்றும் மெலிது. கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைகிற அளவுக்குப் பெட்ரோல் குறையாது. ஆகவே குன்னூரில் கொஞ்சம் கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் வந்தால் உடனே கார்புரேட்டரைக் கழற்றச் சொல்ல வேண்டாம். இறங்கி வந்த பிறகும் அப்படியே இருந்தால் பார்க்கலாம்.

கல்லா கணக்கு போலவே

இரவில் கல்லா கணக்கு உதைத்தால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் அன்றைய பில்லைப் பார்க்கிறோம், பிறகு கடன் நோட்டு, பிறகு சரக்கு இருப்பு. எடுத்த எடுப்பில் கடையை விற்பதில்லை. வண்டிக்கும் அதே முறைதான். காசு செலவில்லாத சோதனை முதலில், மலிவான பாகம் அடுத்து, இஞ்சினைப் பிரிப்பது கடைசியில். பெட்ரோல் இஞ்சினுக்கு வேண்டியவை நான்கே: நெருப்புப் பொறி, பெட்ரோல், காற்று, கம்ப்ரெஷன். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் பழுது அகப்படும்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரியைப் பாருங்கள். இஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட், ஓடும்போது 13.8இலிருந்து 14.4 வரை காட்டினால் பேட்டரியும் சார்ஜும் நலம். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், இணைப்பைக் கழற்றி, நம் கடை ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்துத் தேய்த்தால் போய்விடும். அந்தக் கரைசல் பேட்டரிக்குள் இறங்கக் கூடாது. பல ‘செத்த’ பேட்டரிகள் இதிலேயே பிழைத்திருக்கின்றன.

‘மிஸ்ஸிங்’ அடிக்கிறதா? பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். முனை காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் சுகம். கரி படிந்து உலர்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் மேலே வருகிறது. வெள்ளையாய் வெந்திருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது சூடு மிகுதி. ஒரு பிளக் மட்டும் வேறாக இருந்தால் அதைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். பழுதும் கூடவே போனால் பிளக்தான் குற்றவாளி. போகாவிட்டால் ஒயரைப் பாருங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

புகை என்ன நிறம்? கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதி. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் விடாத வெள்ளை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளை ஆவியைக் கண்டு பயப்பட வேண்டாம்.

எங்கேயோ ஒழுகுகிறதா? நம் கடையில் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஒன்றைப் பிரித்து இரவு வண்டிக்கு அடியில் விரித்து வையுங்கள். காலையில் கறுப்புக் கறை இஞ்சின் ஆயில். பச்சை நீர் கூலன்ட். சக்கரத்தின் அருகே பிசுபிசுப்பான ஈரம் பிரேக் ஆயிலாக இருக்கலாம். கடைசியதைக் கண்டால் வண்டியை எடுக்கவே கூடாது.

"போரிங் பண்ணணும்" என்றால்

நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. இழுவை இல்லை என்றதும் இஞ்சினைப் பிரிக்கச் சொல்கிறார்கள். பிரிப்பதற்கு முன் கம்ப்ரெஷன் அளக்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் குறைந்தால் நடுவே கேஸ்கெட்டில் சந்தேகம் கொள்ளலாம். மூன்றுக்கும் செலவு வெவ்வேறு. அளந்த எண்களைத் தாளில் எழுதித் தரச் சொல்வது நம் உரிமை. எடை போடாமல் நாம் சரக்கு வாங்குவோமா?

இஞ்சின் சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். அப்படிச் செய்தால் இஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். பழுதானால் புதிது போடுங்கள். வெறும் போர் தண்ணீர் ஊற்றுவதும் நல்லதல்ல. வெந்நீர்ப் பானையில் படிவது போல உள்ளே சுண்ணாம்பு படியும்.

கம்ப்யூட்டர் சொன்னால் வேதமா?

எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் பிளக் ஒயரை ஓடும்போது உருவிப் பார்க்கும் பழைய சோதனை கூடாது. காயிலும் மின்னணுப் பெட்டியும் கெடும். 2013க்குப் பின் வந்த கார்களில் ஸ்கேனர் மாட்டினால் பழுதுக் குறியீடு காட்டும். ஆனால் குறியீடு நோயின் அடையாளம்தான், நோயே அல்ல. ‘ஆக்சிஜன் சென்சார்’ என்று காட்டினால் சென்சாரே கெட்டது என்று பொருளில்லை. ஒரு காற்றுக் குழாய் வெடித்திருந்தாலும் அப்படிக் காட்டும். முதலில் குழாயைத் தடவிப் பாருங்கள்.

பெட்ரோலும் இப்போது மாறிவிட்டது. 2023இலிருந்து எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பி மெத்தென்று ஆகலாம்; வெடித்தும் போகலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். டாங்கில் பல வருடமாகப் படிந்த அழுக்கைக் கரைத்து வடிகட்டியை அடைக்கும். ஆகவே வாரக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் பெட்ரோலைத் தேக்காதீர்கள். பெட்ரோல் குழாயையும் வடிகட்டியையும் ஒரு தடவை மாற்றிவிடுங்கள். இஞ்சினுக்கு மேலே பெட்ரோல் கசிந்தால் தீதான்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள்

பிரேக், டயர், ஸ்டியரிங் ஆகிய மூன்றிலும் சிக்கனம் வேண்டாம். மலை இறங்கும்போது இரண்டாம் கியரில் இறங்குங்கள். பிரேக்கையே நம்பினால் சூடேறிப் பிடிக்காது. ஆம்னி, மாருதி 800 இஞ்சின்களில் டைமிங் பெல்ட் இருக்கிறது. அது அறுந்தால் வண்டி நடுவழியில் நிற்கும். உரிய கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். வழியில் கொதித்து நின்றால் மூடியைத் திறக்காதீர்கள். வெந்நீர் முகத்தில் பீறிடும். பச்சைத் தண்ணீரை இஞ்சின் மேல் ஊற்றாதீர்கள், ஹெட் வளைந்துவிடும். அப்போது அந்த இருபத்தெட்டாயிரம் நிஜமாகவே ஆகும். அரை மணி நேரம் பொறுங்கள். மூடிய குடோனுக்குள் இஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதும் உயிருக்கு ஆபத்து.

வண்டிக்கு ஒரு பேரேடு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கிலோமீட்டர், பெட்ரோல், ஆயில், ஊற்றிய தண்ணீர், மாற்றிய பாகம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11க்கு இறங்கினால், மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 24 லிட்டர் நஷ்டம். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 2,400 ரூபாய். அடைத்துப்போன ஒரு காற்று வடிகட்டியின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வண்டியை எப்போது கைவிடுவது என்பதையும் அந்த நோட்டே சொல்லும். ஆயில் அழுத்த விளக்கு அணையாமல், அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமான சத்தம் வந்தால் பெரிய செலவு காத்திருக்கிறது. பதிவுச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 ஆண்டு முடிந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. இவையெல்லாம் சேர்ந்து வாடகை வண்டிச் செலவைத் தாண்டினால் பாசத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

நம் கோவை மண்ணில் பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தே இயந்திரம் கற்றார் என்பது நாம் அறிந்ததே. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அடுத்த தடவை மலைக்கு லோடு ஏற்றும் முன், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேட்டர் மூடியைக் கழற்றித் திருப்பி அந்த ரப்பர் வளையத்தை ஒரு தரம் பார்த்தால் போதும்.