ஒரே கிளிக்கில் முந்நூறு ஆண்டுகள்! ஆரியசாலைக்கு வந்தால் எடுக்கலாம், தெரியுமா?

திருவனந்தபுரத்தில் ஆரியசாலை என்றால் சரக்கு வண்டி, சுமை தூக்குபவர்கள், மொத்த வியாபாரம், நெரிசல். இவ்வளவுதான் பலருக்குத் தெரியும். நவராத்திரிக்கு முந்தைய மாலையில் ஒரு கேமராவோடு இங்கே வந்து நின்று பாருங்கள்! குமரி மாவட்டத்து வேளிமலை குமாரசுவாமி, மாநில எல்லையைத் தாண்டி இந்தத் தெருவுக்கே எழுந்தருளுகிறார். நவராத்திரி முடியும்வரை அவருக்கு ஆரியசாலை தேவி கோவிலில்தான் வாசம். அவரோடு கிளம்பி வரும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மன் செந்திட்டை கோவிலில் தங்குகிறாள். பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி, கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்குப் போகிறாள். அந்தச் சரஸ்வதி கம்பர் கையால் பூசை செய்யப்பட்டவள் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். தமிழர்களாகிய நமக்கு மெய்சிலிர்க்க இது ஒன்று போதாதா?

பத்மநாபபுரம் அரண்மனை உப்பரிகை மாளிகையில் அரசரின் உடைவாள் கைமாறிய பிறகே ஊர்வலம் புறப்படும். முதல் இரவு குழித்துறை, மறு இரவு நெய்யாற்றின்கரை, அதன்பின் கரமனை வழியாகத் தலைநகரம். 1795இல் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. நவராத்திரி பூசையும் இங்கே வந்துவிட, தெய்வங்கள் ஆண்டுதோறும் பயணம் கிளம்பின. 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அன்றிலிருந்து இது இரண்டு மாநிலங்களின் ஊர்வலம்! இரு மாநிலக் காவல்துறையும் அணிவகுத்து மரியாதை செய்கின்றன.

ஆரியசாலையில் அந்தக் கணத்தில் ஷட்டரை அழுத்தினால் படத்துக்குள் எத்தனை காலங்கள் சிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! அரசர் காலத்துச் சடங்கு. அதைச் சுற்றி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கடைத்தெரு. (அவர் பிறந்ததும் இன்றைய குமரி மாவட்டத்து விளவங்கோடு பகுதியில்தான்!) அருகில் 1956க்குப் பிந்தைய இரு மாநிலச் சீருடைகள். தலைக்கு மேல் போன மாதம் மாட்டிய எல்.இ.டி. பலகை. எல்லாவற்றுக்கும் முன்னால் உயர்ந்து நிற்கும் கைகள், கைக்கு ஒரு போன், போனுக்கு ஒரு குட்டி முருகன்! பழையதையும் புதியதையும் ஒரே படத்தில் சேர்க்க உலகமெங்கும் புகைப்படக்காரர்கள் என்னென்னவோ பாடுபடுகிறார்கள். இந்தத் தெரு அதைத் தானாகவே சேர்த்து வைத்திருக்கிறது.

வெளிச்சத்துக்கும் வயது உண்டு, தெரியுமா? எண்ணெய்த் தீபத்தின் சுடர் சுமார் 1,900 கெல்வின், நல்ல செம்மஞ்சள். கடை வாசல் வெள்ளை எல்.இ.டி. சுமார் 6,500 கெல்வின், நீலம் ஓடிய வெண்மை. நம் கண் இரண்டையும் சமாதானப்படுத்திவிடும். கேமராவால் முடியாது! தானியங்கி நிறச் சமநிலையை நம்பினால் அது நடுவழி தேடி, தீபத்தின் பொன்னிறத்தை வெளுக்க வைக்கும். எல்.இ.டி.க்கு ஏற்ப நிறத்தை நிலைநிறுத்திவிட்டு எடுங்கள். கடை வெள்ளையாக நிற்கும், சுடரும் அதன் வெளிச்சம் பட்ட முகங்களும் தகதகவென்று எரியும். எது அந்தக் காலத்து ஒளி, எது இந்தக் காலத்து ஒளி என்று படமே பிரித்துக் காட்டும்.

காலத்தை வேண்டியபடி வடிகட்டவும் ஷட்டரால் முடியும். 1838இல் பாரிஸின் பூல்வார் து தாம்ப்ல் தெருவை லூயி தாகேர் படமெடுத்தார். ஒளிபதிவுக்குப் பல நிமிடங்கள் ஆயின. குதிரை வண்டிகளும் ஜனங்களும் நிறைந்த தெரு, படத்தில் வெறிச்சோடிப் போனது! நகர்ந்தவை எதுவும் பதியவில்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். ஆரியசாலையில் பகலில் இதையே செய்யலாம். ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, லென்சுக்கு முன் கருப்பு வடிகட்டி மாட்டி, சில நிமிடம் திறந்து வையுங்கள். ஆட்டோவும் பைக்கும் மறைந்து, கோவிலும் ஓடு வேய்ந்த பழைய கூரைகளும் மிஞ்சும். கால் வினாடி திறந்தால் பைக்குகள் ஒளிக்கோடாகி, நின்ற கட்டடம் தெளிவாக இருக்கும். ஐந்நூறில் ஒரு பங்கு வினாடியென்றால் எல்லாமே உறைந்து ஒரே வயதுக்கு வந்துவிடும்!

இன்னொரு ஆச்சரியம். நீள லென்ஸ் போட்டால் தூரத்துக் கோபுரமும் பக்கத்துப் பலகையும் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒட்ட வைப்பது லென்ஸ் இல்லை! நீங்கள் நிற்கும் தூரம். பின்னால் போகப் போக, இரண்டின் அளவு வித்தியாசம் குறையும். அங்கிருந்து தெரியும் சின்னத் துண்டை வெட்டிக் கொடுப்பது மட்டுமே லென்ஸின் வேலை. ஆகவே கோவிலும் செல்போன் கோபுரமும் தோளோடு தோள் நிற்க வேண்டுமா, நடந்து பின்னால் போங்கள்.

சரி, பழைய படம் கையில் இருக்கிறது, அதே இடத்தை இன்று எடுக்க வேண்டும். திருவனந்தபுரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் உண்டு! 1900 வாக்கில் திருவிதாங்கூர் அரசுக்காக சக்கரியாஸ் டி குரூஸ் எடுத்த இந்த ஊர்ப் படங்கள் இன்றும் பிழைத்திருக்கின்றன. அவர் கால் ஊன்றிய இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய படத்தில் பக்கத்துத் தூணின் விளிம்பு தூரத்து ஜன்னலின் எந்த இடத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தாலும் தூண் ஜன்னலை மறைத்துவிடும். பக்கத்துப் பொருள், தூரத்துப் பொருள் என்று இரண்டு மூன்று ஜோடிகள் ஒரே நேரத்தில் பொருந்தினால் அதுதான் அவர் நின்ற இடம்! அமெரிக்காவில் மார்க் கிளெட் குழுவினர் 1977 முதல் இப்படித்தான் நாட்டின் மேற்குப் பகுதி மலைகளில் நூறாண்டுப் பழைய படங்களின் இடங்களைத் தேடி மறுபடி எடுத்தார்கள். இருபது ஆண்டு கழித்து அதே இடங்களுக்குப் போய் மூன்றாவது அடுக்கையும் சேர்த்தார்கள்! இடம் பிடிபட்ட பிறகும் வேலை பாக்கி உண்டு. பழைய படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறதோ அந்த மாதமும் அந்த நேரமும் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பழைய பிரிண்டைக் கையில் பிடித்து, பின்னால் இன்றைய தெரு தெரிய எடுப்பார்களே, அதற்குப் பெரிய கேமராவைவிட போன் பல மடங்கு சுலபம். காரணம் அதன் சின்னஞ்சிறு சென்சார். அரை மீட்டரில் உள்ள பிரிண்டையும் முப்பது மீட்டரில் உள்ள கட்டடத்தையும் ஓரளவு ஒன்றாகவே தெளிவாக்கிவிடும். பெரிய கேமரா என்றால் துளையை எஃப் 16க்குக் குறுக்கித்தான் ஆக வேண்டும்.

வெட்டி ஒட்டுவது கம்ப்யூட்டர் காலத்து வித்தை என்று நினைத்தால், 1863ஐப் பாருங்கள்! பம்பாயின் மக்கள் பிரிவுகளைப் பற்றி வில்லியம் ஜான்சன் வெளியிட்ட ஆல்பத்தில், ஸ்டுடியோவில் எடுத்த மனிதர்களை வேறு படங்களின் காட்சிகள் மேல் பொருத்தியிருக்கிறார். 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப், வெறுமையாக விழுந்த வானத்தில் மேகங்களை நெகட்டிவிலேயே தீட்டிச் சேர்த்தார்.

நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் செய்ததோ இதையெல்லாம் மிஞ்சும். தாத்தா காலமாகிவிட்டார். பேரனுக்குக் கல்யாணம். வீட்டில் இருப்பது தாத்தாவின் அடையாள அட்டைப் படம் ஒன்று. ‘தாத்தாவைப் பாட்டி பக்கத்தில் உட்கார வைத்துக் கொடுங்கள்’ என்று கேட்டுப் போனவர்கள் எத்தனை ஆயிரம் குடும்பங்கள்! டச்சப் செய்பவர் மெல்லிய தூரிகையும் கூர்பிளேடுமாக உட்கார்ந்து தாத்தாவுக்கு உடம்பும் சட்டையும் நாற்காலியும் கொடுத்தார். கேமரா முன் சேர்ந்து ஒருநாளும் நிற்காத இருவர் சுவரில் சேர்ந்து நின்றார்கள். புகைப்படக் கலையின் வரலாற்றில் இந்தப் பெயர் தெரியாத கைகளுக்கு முதல் வரிசையில் இடம் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதில் ஒரு நுணுக்கம் தெரியுமா? தாத்தா முகத்தில் ஒளி இடப்பக்கமிருந்து, பாட்டி முகத்தில் வலப்பக்கமிருந்து என்றால் பார்த்த உடனே ஒட்டு வேலை தெரிந்துவிடும். தாத்தா படத்தைக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பினால் ஒளி பொருந்தும். ஆனால் சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும்! பாட்டியைத் திருப்பினால் முந்தானை வலத்தோளுக்கு ஏறும், மூக்குத்தி பக்கம் மாறும். வெளியார் யாரும் கவனிக்கமாட்டார்கள். மகள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள், ‘இது அம்மா இல்லை’ என்று. ஏ.ஐ. செயலி ஒரு நொடியில் சேர்த்துத் தரும் இந்த நாளிலும் மூக்குத்தியை வீட்டுக்காரர்கள்தான் சரிபார்க்க வேண்டும்!

இதையே பெருங்கலையாக்கியவர் விவான் சுந்தரம். ஓவியர் அம்ரிதா ஷெர்கில் இறந்தது 1941இல். அவருடைய தங்கை மகனான விவான் பிறந்தது 1943இல். தான் கண்ணால் காணாத பெரியம்மாவை, தாத்தா உம்ராவ் சிங் எடுத்த பழைய படங்களிலிருந்து எடுத்து, வெவ்வேறு வயதுகளும் வெவ்வேறு நாடுகளும் ஒரே அறையில் கூடுமாறு 2001, 2002இல் கம்ப்யூட்டரில் புதுப் படங்களாக்கினார். கிளிமானூரில் பிறந்த ரவிவர்மாவின் ஓவியப் பெண்களைப் போலத் தானே உடுத்தி, புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து கலைஞர் புஷ்பமாலா படங்கள் எடுத்தது 2000 முதல் 2004 வரை. ஓவியம் பழசு, உடம்பு புதுசு!

இப்போது தலைப்பில் சொன்ன முந்நூறு ஆண்டுக்கு வருகிறேன். பிப்ரவரி மாதத்து முன்னிரவில் ஆரியசாலையிலிருந்து தெற்கு வானத்தைப் பாருங்கள். இரவு வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் அங்கே எரியும். அதுதான் அகத்தியர் நட்சத்திரம், கனோபஸ். தூரம் சுமார் 310 ஒளியாண்டு! இன்று உங்கள் லென்சுக்குள் நுழையும் அதன் ஒளி, 1729இல் மார்த்தாண்ட வர்மா அரியணை ஏறுவதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது. அது வழியில் இருக்கும்போதே இங்கே தலைநகர் வந்தது, கடைத்தெரு வந்தது, மின்விளக்கு வந்தது. தெருவிளக்கின் ஒளியோ கண் இமைக்கும் நேரத்தில் ஒரு துளிகூட ஆகாமல் வந்து சேர்கிறது. இரண்டும் ஒரே சென்சாரில், ஒரே கணத்தில் விழுகின்றன! வெட்டவில்லை, ஒட்டவில்லை, மென்பொருள் எதுவும் தேவையில்லை. கூரை விளிம்பைக் கீழே வைத்து, நட்சத்திரத்தை மேலே விட்டு, நாலைந்து வினாடி திறந்தால் போதும்.

இந்த ஊர் ஆற்றுக்கால் பகவதி கோவில் பொங்காலை வருவதும் அநேகமாக அதே மாதத்தை ஒட்டித்தான். அன்று கோவிலைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்குச் சாலையெல்லாம் பெண்கள், மூன்று செங்கல், ஒரு மண்பானை. 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடியதைக் கின்னஸ் பதிவு செய்திருக்கிறது! இறக்கிய கடை ஷட்டரின் முன்னால் அடுப்பு புகைய, பானை பொங்க, பக்கத்தில் பணம் செலுத்தும் கியூ.ஆர். அட்டை தொங்கும். அதை ஓரத்தில் அசிங்கமென்று வெட்டிவிடாதீர்கள், தயவுசெய்து! மண்பானை ஐம்பது வருஷம் கழித்தும் இப்படியேதான் இருக்கும். அட்டையும் கடைப் பெயரும் போன் எண்ணும்தான் காணாமல் போகும். எந்தக் கடை வாசலில், எந்தத் திசை பார்த்து, எந்தத் தேதியில், எந்த மணிக்கு எடுத்தீர்கள் என்று பிரிண்டின் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். மை படத்தின் முகப்புக்கு ஊறிவிடும், மென்மையான பென்சில் ஊறாது.