தோள்வலியும் புதுமூட்டும்

'வலி' என்னுஞ் சொல்லுக்குப் பண்டைப் புலவர் பெரிதும் கொண்ட பொருள் வலிமை. இக்கால வழக்கில் அது நோவையுங் குறிக்கும். 'தோள்வலி' என மாணவர்க்குப் பாடஞ் சொல்லுந்தோறும் இவ்விரு பொருளும் என் நெஞ்சில் எதிர்ப்படும். தோள்மூட்டு மாற்றும் சத்திர சிகிச்சையை அளத்தற்குரிய கோலும் இவையே. அது நோவைப் போக்குமா? வலிமையை மீட்குமா?

உடலின் மூட்டுக்களுள் எப்புறமும் மிகுதியாகச் சுழல்வது தோள். மேற்கையெலும்பின் பந்துபோன்ற தலை, ஆழமற்றதொரு குழியிலே தங்குகின்றது. நான்கு தசைநார்கள் சூழநின்று அதனைப் பற்றுகின்றன. குருத்தெலும்பு தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசும். இரவிலே துயில் கெடும்.

1893 ஆம் ஆண்டிற் பாரிசு நகரிலே பெயான் என்னும் சத்திர வைத்தியர், காசநோயால் தோள் பழுதுற்ற பாண் சுடும் தொழிலாளி ஒருவருக்குப் பிளாற்றினமும் இறப்பருங் கொண்டு செய்த மூட்டினைப் பொருத்தினார். நோய் ஒழியாமையால், ஏறத்தாழ இரண்டாண்டில் அதனைக் கழற்ற நேர்ந்தது. 1950 களில் அமெரிக்க வைத்தியர் சாள்ஸ் நியர், முறிந்து சிதைந்த எலும்புத்தலைக்கு ஈடாக உலோகத்தலை அமைத்தார். பின்னர்க் குழிக்கும் பிளாஸ்திக்கு உறுப்பொன்று அமைத்தார்.

பெரும்பாலார்க்கு நோவு தணிந்தது. ஆயினும், தசைநார் அறுந்தவர்க்குக் கை மேலெழவில்லை. பிரான்சின் டிஜோன் நகரத்து வைத்தியர் போல் கிறமொன், 1985 இல் மூட்டின் அமைப்பையே தலைகீழாக்கினார். பந்திருந்த இடத்திற் குழியும், குழியிருந்த இடத்திற் பந்தும் வைத்தார். அதனால், தோளை மூடியுள்ள பெருந்தசை அறுந்த நார்களின் தொழிலையுந் தானேற்றுக் கையை உயர்த்தலாயிற்று.

இன்று பொருத்தப்படும் மூட்டுக்களுள் பத்தில் ஒன்பதளவு பத்தாண்டு கடந்தும் நிலைக்கின்றன. எனினும், கிருமித்தொற்று, மூட்டு விலகல், பொருத்திய உறுப்புத் தளர்தல் ஆகிய இடர்களும் உள. சில வாரம் துணித்தூக்கிலே கையைத் தாங்கிப் பின்னர்ப் பல மாதம் பயிற்சி செய்தல் வேண்டும். தலைகீழ் மூட்டுடையார் சிலர்க்கு முதுகுப்புறம் கை செல்வது அரிதாகும். பெருஞ்சுமை தூக்குதல் எவர்க்கும் நன்றன்று.

ஆகவே, நோவு நீங்குதல் பெரும்பாலார்க்குக் கைகூடும். வலிமை எவ்வளவு மீளும் என்பது தசைநாரின் நிலையையும் நோயாளியின் பயிற்சியையும் பொறுத்தது. மல்லர் தோளை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். தலைவாரவும், உயரத்திலுள்ள நூலை எடுக்கவும், இரவிலே துயிலவும் விழைபவர்க்கு, ஒரு வலி போய் மற்றொரு வலி ஓரளவேனும் வந்து சேரும்.