போனது போல் இருக்கும்; போயிருக்காது!

பாலக்கோட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி காலமாகி இரண்டு வருஷமாகிறது. அவள் குரல் மட்டும் அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பேத்திக்குப் பாடிய தாலாட்டு, களி கிண்டிக்கொண்டே சொன்ன கதை, நடுநடுவே ஒரு பொக்கைவாய்ச் சிரிப்பு.

ஒரு நாள் மின்சாரம் போய்த் திரும்பி வருகிறது. கம்ப்யூட்டர் மட்டும் வரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம்.

"ஏங்க, பக்கவாட்டில் நாலு தட்டுத் தட்டிப் பாருங்களேன்!" என்கிறாள் வீட்டு அம்மாள்.

"தட்டவெல்லாம் வேண்டாம். நாலைந்து தடவை அணைத்து அணைத்துப் போட்டால் தானே வழிக்கு வரும்" என்கிறார் கணவர்.

இருவர் சொல்வதும் தப்பு! பாட்டியின் குரல் இன்னும் போய்விடவில்லை. அதை அடியோடு போக்கடிக்கக் கூடியவை இந்த இரண்டு யோசனைகளும்தாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஹார்ட் டிஸ்க் என்ற அந்தச் சின்னப் பெட்டிக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. சாதாரணமாக நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை அவை சுழலும். தட்டின் மேல் பூசியிருக்கும் மெல்லிய காந்தப் பூச்சில்தான் பாட்டியின் குரல் பதிந்திருக்கிறது. அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடுவதே இல்லை. சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடியே படிக்கிறது. நம் தலைமயிரின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால், அந்த இடைவெளி எவ்வளவு சிறியது, பாருங்கள்!

முனை பழுதாகித் தட்டில் உரசினால் பூச்சு சுரண்டப்பட்டுவிடும். மறுபடி மறுபடி ஓட்டுவது விதைத்த நிலத்தை மறுபடி உழுவது போலத்தான். ஆகையால் சத்தம் கேட்டதும் அணைத்துவிடுங்கள். மூடியைக் கழற்றவே கூடாது. ஒரு தூசி போதும், காரியம் கெட்டுவிடும். ஃபிரிட்ஜுக்குள் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படியும்.

நிபுணர்கள் தூசியில்லாத அறையில் பெட்டியைத் திறந்து, அதே மாதிரி வேறொரு டிஸ்க்கின் முனையை எடுத்துப் பொருத்துவார்கள். தட்டில் உள்ளதை அப்படியே இன்னொன்றில் பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியில்தான் தேடுவார்கள்.

வானத்திலிருந்து விழுந்த டிஸ்க்

"கீழே விழுந்தாலே கெட்டுப் போகிற சாமானாயிற்றே!" என்பீர்கள். வானத்திலிருந்து விழுந்த ஒன்றின் கதையைக் கேளுங்கள்.

2003 பிப்ரவரி 1-ஆம் தேதி, கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறிப் போயிற்று. நம் நாட்டுக் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் மற்ற ஆறு பேரும் மாண்டார்கள். சில மாதம் கழித்து, டெக்ஸாஸில் வறண்ட ஏரிப் படுகையில் ஒரு கருகிய டிஸ்க் அகப்பட்டது. செனான் வாயுவைப் பற்றிய பரிசோதனைக் கணக்குகள் அதில் இருந்தன. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து நிபுணர்கள் அதைப் பிரித்துத் தட்டுகளைச் சுத்தம் செய்து வேறு இயந்திரத்தில் பொருத்தினார்கள். ஏறக்குறைய 99 சதவிகிதம் திரும்பக் கிடைத்தது! குலுக்கினால் தக்காளி ஸாஸ் இளகுகிறது அல்லவா? ஒரு குறிப்பிட்ட நிலையில் செனானும் அப்படி இளகுகிறது என்ற முடிவு 2008-இல் வெளியாயிற்று.

எப்படிப் பிழைத்தது? டிஸ்க்கில் பாதி இடம் காலி. அடிபட்டது பெரும்பாலும் அந்தக் காலி இடத்தில். ஆனால் அதே கலத்தில் இருந்த வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து ஒன்றையும் மீட்க முடியவில்லை. அதிருஷ்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பதில்லை!

கை தவறி அழித்துவிட்டால்?

புத்தகத்தில் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டால் கதையும் போய்விடுமா? ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றை அழிப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை பழையது உள்ளே இருக்கும். ஆகவே அழித்தது தெரிந்தவுடன் அதில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். மீட்டுத் தரும் புரோகிராமைக் கூட அதே டிஸ்க்கில் ஏற்றக் கூடாது. தட்டில்லாத புது மாதிரி எஸ்.எஸ்.டி.யில் இந்தச் சலுகை குறைவு. அழித்த இடத்தை அதுவே பெரும்பாலும் துடைத்துவிடும்.

நடுகல் சொல்லும் பாடம்

தருமபுரிப் பக்கத்தாருக்கு இது புது விஷயமல்ல. மாடு மீட்கப் போய் உயிர் விட்ட வீரர்களின் பெயரை, பல்லவர் காலத்திலேயே வட்டெழுத்தில் நடுகற்களில் வெட்டி வைத்த சீமை இது. கல்லைவிட உறுதியானது எது? அந்தக் கல்லும் மழையிலும் வெயிலிலும் தேய்கிறது. அதனால்தான் தொல்லியல் துறையார் கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒற்றி, மை தடவி மைப்படி எடுத்து வைக்கிறார்கள். நாளைக்கே கல் உடைந்தாலும் வீரன் பெயர் காகிதத்தில் நிற்கும்.

கல்லுக்கே நகல் வேண்டுமென்றால் கம்ப்யூட்டருக்கு வேண்டாமா? ஒரு பிரதியை வேறொரு டிஸ்க்கில் எடுத்துப் பீரோவில் வையுங்கள். இன்னொன்று சேலத்து மாமா வீட்டில் இருக்கட்டும். அவ்வப்போது போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். இன்று ராத்திரி விளக்கணைக்கும் முன் பாட்டியின் தாலாட்டை ஒரு தடவை கேளுங்கள். கேட்ட கையோடு ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பேத்தி தன் குழந்தைக்குப் போட்டுக் காட்ட வேண்டுமல்லவா?