காட்டுத்தீயின் கணக்கு

காட்டில் தீப்பிடித்தது என்று கேள்விப்பட்டால், "அணைத்துவிட்டார்களா?" என்றுதான் நாம் கேட்போம். வனவியல் அறிஞர்கள் இன்னொரு கேள்வியும் கேட்கிறார்கள். இதே இடத்தில் இதற்கு முன் எப்போது தீப்பிடித்தது? இரண்டு தீக்கும் நடுவே காட்டுக்கு எத்தனை ஆண்டு ஓய்வு கிடைத்தது? அந்த இடைவெளியை அறிந்தால்தான் காடு பிழைக்குமா என்று சொல்ல முடியும்.

இதற்கு உதவுபவை செயற்கைக்கோள் படங்கள். அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972-ஆம் ஆண்டிலும், நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988-ஆம் ஆண்டிலும் ஏவப்பட்டன. பச்சை இலைகள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாகத் திருப்பி அனுப்புகின்றன. கருகிய நிலம் அவ்வாறு அனுப்புவதில்லை. ஆகவே தீக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டால், எரிந்த பகுதி தனியே தெரிந்துவிடும்.

இனி கணக்கைப் பார்ப்போம். 100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 12 ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் எரிந்த பரப்பைக் கூட்டினால் 300 சதுர கிலோமீட்டர் வருகிறது. அதாவது காட்டைப் போல் மூன்று மடங்கு. 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4. சராசரியாக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தீ வருகிறது என்பது விடை.

ஆனால் சராசரி நம்மை ஏமாற்றவும் கூடும். சாலையோரம் ஆண்டுதோறும் எரிந்திருக்கலாம். ஓடைக்கரை ஒருமுறையும் எரியாமல் இருந்திருக்கலாம். அதனால் படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எத்தனை முறை எரிந்தது என்று எண்ணுகிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. செயற்கைக்கோளின் நினைவு ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1988-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தது. அத்தகைய பெருந்தீ அங்கே நூறு முதல் முந்நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். அதை அறிய மரங்களின் வயதையும் ஏரிச் சேற்றில் படிந்த கரியையும் ஆராய வேண்டும்.

நம் நீலகிரி மாவட்டத்து முதுமலையின் நிலை வேறு. அங்கே கோடை தொடங்கும்போது இலைகள் உதிர்ந்து, புல் காய்ந்து, தீ எளிதில் பரவும். வனத்துறை வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. 1989 முதல் 2002 வரை முதுமலையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தீ வந்தது என்றும், எண்பது ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இது மும்மடங்கு என்றும் அது காட்டியது.

இதனால் என்ன கேடு? தடித்த பட்டையுள்ள பெரிய மரங்கள் தீயைத் தாங்கிக்கொள்ளும். இளங்கன்று கருகினாலும் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆனால் அது தீச்சுவாலைக்கு மேலே வளருமுன் அடுத்த தீ வந்துவிட்டால்? பிள்ளைகள் இல்லாத ஊர் போல, முதிய மரங்கள் மட்டுமே எஞ்சும்.

புனித அசிசி பிரான்சிஸ் தீயைச் சகோதரன் என்று அழைத்தார். அந்தச் சகோதரனை வேண்டாத நேரத்தில் காட்டுக்குள் அழைத்துச் செல்வது பெரும்பாலும் மனிதக் கைகளே. மலைக்குச் சுற்றுலா செல்லும்போது, வழியில் நிற்கும் சிறு கன்றுகளை நினைத்துக்கொள்வோம். ஒரு தீக்குச்சியும் நம்மால் அங்கே விழாதிருக்கட்டும்.