வெயிலும் லேசரும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மேலிருந்து அடிப்பது போதாதென்று, மணலிலும் நீரிலும் பட்டுத் திரும்பியும் சுடும். மேலுதட்டிலும் தாடையிலும் வளரும் முடியை லேசரால் நீக்கிக்கொள்ள நினைக்கும் கடற்கரைப் பெண்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்த வெயிலைத்தான்.

ஏன் தெரியுமா? லேசர் ஒளி முடியிலுள்ள கறுப்பு நிறத்தைத் தேடிப் போய் வேரைச் சுடுகிறது. வெயிலில் கறுத்த தோலிலும் அதே நிறப்பொருள்தான்! ஒளிக்கு வித்தியாசம் தெரியாது, தோலையும் சுட்டுவிடும். நம் மாநிறத்துக்கு, ஆழமாகப் பாயும் 1064 நானோமீட்டர் 'என்டி யாக்' லேசரே பொதுவாகப் பத்திரமானது. எந்தக் கருவி என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சிகிச்சைக்கு முன் 4 வாரம் வெயிலைத் தவிருங்கள். நூல் போட்டோ, மெழுகு பூசியோ முடியைப் பிடுங்காதீர்கள். வேர் இருந்தால்தானே லேசருக்கு வேலை! முந்தின நாள் மழித்துக்கொள்ளலாம். மழித்தால் முடி தடித்து வளரும் என்பது வீண் பயம். மஞ்சள், பவுடர் ஏதும் பூசாமல் போங்கள்.

பிறகு? சிவப்பும் சிறு வீக்கமும் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். குளிர்ந்த துணியால் ஒற்றுங்கள், சொறியாதீர்கள். வெந்நீர் வேண்டாம். வெளியே போகக் குடையும் சன்ஸ்கிரீனும் அவசியம். கொப்புளம் கண்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சுட்ட முடி உதிர இரண்டொரு வாரமாகும். ஒரே தடவையில் தீராது. 6 தடவையோ, அதற்கு மேலோ ஆகலாம்.

மாதவிலக்கு தவறி, முகத்தில் முடியும் அடர்ந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காரணம் உள்ளே இருக்க, வெளியே மட்டும் சுட்டு என்ன பயன்?