நர்ஸிங் மாணவி ஏன் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறாங்க?

அன்பா நாலு பேரைக் கவனிச்சுக்கணும்னு ஆசைப்பட்டு நர்ஸிங் படிக்க வர்றவங்க, வார்டுக்குப் போன கொஞ்ச நாள்லயே நோயாளி முகத்தை விட்டுட்டு ட்ரிப் பாட்டிலைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சுடறாங்க. நீங்களும் கவனிச்சிருப்பீங்க. ‘பேசத் தெரியலை, ஒரு கம்யூனிகேஷன் வகுப்பு வைப்போம்’னு முடிவு பண்றது சுலபம். எனக்கு அது பாதி பதிலாத்தான் தெரியுது.

1950-களோட கடைசியில லண்டன்ல ஒரு போதனா மருத்துவமனை. மாணவ நர்ஸ்களை எந்த வார்டுக்கு எப்போ அனுப்பறதுங்கறதே அங்க பெரிய சிக்கல். உதவிக்கு வந்தவர் உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ். 1960-ல அவரோட ஆய்வு வெளியாச்சு.

அவர் அங்க பார்த்தது பயம். 18, 19 வயசுல முன்பின் தெரியாதவங்க உடம்பைத் துடைக்கணும், புண்ணைத் தொடணும், நேத்துப் பேசிட்டிருந்தவர் இன்னைக்கு இறந்து போறதைப் பார்க்கணும். அதைப் பத்திப் பேச இடமே கிடையாது. யாரும் உட்கார்ந்து திட்டம் போடாமலேயே மருத்துவமனை வேற ஒரு வழி வெச்சிருந்தது. வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சுடுவாங்க. ஒரே நர்ஸ் ஒரு நோயாளியை முழுசாப் பார்த்துக்க முடியாது. நோயாளிக்குப் பேர் கிடையாது, பெட் நம்பர், இல்லைன்னா வியாதி, இல்லைன்னா கெட்டுப்போன உறுப்பு. (மருந்து மாறக் கூடாது, நம்பர் வேணும்தான். பேரே காணாமப் போறது வேற கதை.) ஒரு வார்டு பழகறதுக்குள்ள அடுத்த வார்டுக்கு மாத்திடுவாங்க.

நெருங்கினாத்தானே வலிக்கும்? நெருங்கவே விடாத ஏற்பாடு இது. ஆனா பதற்றம் குறையலை. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு மாணவிகள் படிப்பை முடிக்காமலே போயிட்டாங்க. போனவங்கள்ல நல்ல மாணவிகளும் இருந்தாங்கன்னு மென்சீஸ் சொன்னதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது.

சரி, பயம் பேச்சை எப்படிக் கெடுக்குது? அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ், 1952-லயே நர்ஸ்–நோயாளி உறவை மையமா வெச்சுப் புத்தகம் எழுதினவங்க. பதற்றத்துக்கு அவங்க நாலு படி சொல்றாங்க: லேசானது, நடுத்தரம், கடுமை, பீதி. லேசா இருந்தா கவனம் கூர்மையாகும். கூடக் கூடப் பார்வை சுருங்கும். கடுமையாயிட்டா ஏதோ ஒரு சின்ன விஷயம் மட்டும்தான் கண்ணுல படும். ட்ரிப் பாட்டிலைப் பார்க்கிற மாணவிக்கு அக்கறை இல்லைன்னு நாம நினைக்கிறோம். தப்பு பண்ணிடக் கூடாதேன்னு சொட்டு எண்றதுலயே அவங்க மொத்தக் கவனமும் தீர்ந்து போயிருக்கலாம்.

1992-ல பாம் ஸ்மித், லண்டன் மாணவ நர்ஸ்களைப் பத்தின புத்தகத்துல இன்னொண்ணு சேர்க்கிறாங்க. வார்டு சிஸ்டர் தங்களை எப்படி நடத்தறாங்களோ, அதைப் பொறுத்துத்தான் மாணவிகளால நோயாளிகிட்ட நெருங்க முடிஞ்சது.

அதனால எந்த நர்ஸிங் கல்லூரியா இருந்தாலும் நான் கேக்கறது இதைத்தான்: வார்டுல ஒருத்தர் இறந்த அன்னைக்கு, டியூட்டி முடிஞ்சதும் மாணவியோட உட்கார்ந்து பேச யார் இருக்காங்க? போஸ்டன்ல இதுக்குன்னே ‘ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ்’னு ஒண்ணு தொடங்கினாங்க. அடுத்த எபிசோட்ல அதைப் பார்ப்போம்.